புது பிராசசருக்கு மாறுகிறீர்களா? முதலில் ஒயர்களைப் பாருங்கள்

ஆர்ம் பிராசசர் (செல்போன்களில் இருக்கும் வகை) போட்ட லேப்டாப் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் கூடவே இன்னொன்றும் கேட்பார்கள்: "என்னோட சாஃப்ட்வேர் எல்லாம் இதுல ஓடுமா?" பெரும்பாலும் ஓடும். வேர்ட், எக்செல், பிரவுசர், பழைய கணக்கு மென்பொருள் எல்லாம் ஓடும். நான் திருப்பிக் கேட்பது வேறு: "உங்க மேசைக்குப் பின்னால என்னென்ன ஒயர் சொருகியிருக்கு?"

ஒரு சிறிய தமிழ்ப் பதிப்பகத்தில் வேலை பார்க்கிறேன். கணினி என்று பெயர் வைத்த எல்லாமே என் தலையில்தான். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. எங்களிடம் இருந்த டெஸ்க்டாப்புகளில் பாதிக்கு மேல் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தியவை. விண்டோஸ் 11 அவற்றைச் சேர்த்துக்கொள்ளாது. எப்படியும் புதிது வாங்கித்தான் தீர வேண்டும் என்றான பிறகு முதலாளிக்கு ஆர்ம் லேப்டாப்புகள் மேல் கண் விழுந்தது. அதற்குக் காரணம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். ஜனவரியில் புத்தகக் காட்சி நடக்கும்போது எங்கள் ஸ்டாலில் பில் போடும் லேப்டாப் மத்தியானம் தாண்டுவதற்குள் சார்ஜருக்கு ஏங்க ஆரம்பித்துவிடும். மூலையில் இருக்கும் ஒரே பிளக் பாயின்ட்டுக்கு ஃபேனும் லேப்டாப்பும் கார்டு மெஷினும் போட்டி போடும். பேட்டரி நாள் முழுக்க நிற்கும் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும் என்றார். நியாயம்தான். பேட்டரி விஷயத்தில் இன்றுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) பிராசசருக்காகக் கம்பைல் செய்த புரோகிராம் ஆர்ம் பிராசசருக்கு நேரடியாகப் புரியாது. நடுவில் ஆபரேட்டிங் சிஸ்டம் அதன் கட்டளைகளை மாற்றிக் கொடுக்க வேண்டும், இதற்கு எமுலேஷன் என்று பெயர். 2012-ல் வந்த விண்டோஸ் ஆர்டியில் இந்த வசதியே கிடையாது, அதனால் பழைய டெஸ்க்டாப் மென்பொருள் எதுவும் அதில் ஏறவில்லை. ஆர்முக்கான விண்டோஸ் 10-ல் 32 பிட் புரோகிராம்கள் ஓடின. 64 பிட்டுக்கும் சேர்த்து வழி திறந்தது விண்டோஸ் 11-ல்தான். அதன் 24எச்2 பதிப்பிலிருந்து வரும் பிரிசம் என்ற எமுலேட்டர் இந்த வேலையை நன்றாகவே செய்கிறது. வேகம் குறைந்தது என்று எங்கள் ஆபீசில் யாரும் புகார் சொல்லவில்லை.

ஆனால் பிரிசம் இரண்டு இடங்களில் கையை விரித்துவிடும். முதலாவது கர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. கர்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்யும் டிரைவர் எதுவானாலும் ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். அங்கே எமுலேஷன் கிடையாது. பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன், சில விபிஎன், சில ஆன்டிவைரஸ் எல்லாம் இந்த வாசலில் மாட்டிக்கொள்ளும். இரண்டாவது, ஒரே புரோசஸுக்குள் கலப்படம். ஆர்முக்காகவே எழுதிய பிரவுசர், எக்ஸ்86 டிஎல்எல் (புரோகிராம்கள் தமக்குள் ஏற்றிக்கொள்ளும் துணைக் கோப்பு) ஒன்றைத் தனக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. (ஆர்ம்64இசி என்று இரண்டையும் கலந்து ஓட்டும் ஒரு வகை உண்டு. அதற்கு அந்த மென்பொருளை எழுதியவர் மனது வைக்க வேண்டும்.) எங்களுக்கு வந்த தலைவலிகளில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றில் போய் முடிந்தன.

அதனால் மொத்தமாக ஆர்டர் போடுவதற்கு முன் ஒரே ஒரு லேப்டாப் மட்டும் வாங்கி, ஆபீசில் இருந்த ஒவ்வொரு ஒயரையும் அதில் சொருகிப் பார்த்தேன். அதற்கும் முன்னால், பழைய மெஷினில் இருந்தபடியே ஒரு வடிகட்டல் செய்ய முடியும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சாதனத்தின் பெயரை டபுள் கிளிக் செய்து, டிரைவர் என்ற டேபில் 'டிரைவர் புரொவைடர்' யார் என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் என்று இருந்தால் அநேகமாகப் பிரச்சினை இல்லை, விண்டோஸோடு வரும் பொது டிரைவரிலேயே அது ஓடுகிறது. தயாரித்த கம்பெனியின் பெயர் இருந்தால், அவர்களுடைய தளத்தில் ஆர்ம்64 டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. 'விண்டோஸ் 11-க்கு ஏற்றது' என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். அவர்கள் மனதில் இருப்பது இன்டெல் விண்டோஸ் 11.

பார்கோடு ஸ்கேனர் சொருகியதும் வேலை செய்தது. அது தன்னை ஒரு கீபோர்டு என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும் சாதனம், ஐஎஸ்பிஎன் எண்ணைத் தட்டச்சு செய்வது போல அனுப்பிவிடும். தனி டிரைவரே வேண்டாம். பில் அடிக்கும் 80 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டர் அப்படி வசப்படவில்லை. அதன் இன்ஸ்டாலர் ஆர்மில் ஏறவே மறுத்தது. நல்லவேளையாக அந்த மாடலில் லேன் போர்ட் இருந்தது. பில்லிங் புரோகிராமிலிருந்து நேராக அதன் 9100 போர்ட்டுக்கு அச்சுக் கட்டளைகளை அனுப்பும்படி மாற்றிவிட்டேன். இதில் தமிழ் இன்னொரு வகையில் கைகொடுத்தது. பிரிண்டருக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது என்பதால், புத்தகத் தலைப்புகளை நாங்கள் எப்போதுமே படமாக மாற்றித்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். டிரைவர் போனதால் இழந்தது ஒன்றுமில்லை. இனி தெர்மல் பிரிண்டர் வாங்குகிறவர்கள் யுஎஸ்பி மட்டும் உள்ளதை வாங்காமல், சில நூறு ரூபாய் கூடப் போனாலும் லேன் போர்ட் உள்ளதாக வாங்குங்கள்.

லேசர் பிரிண்டரில்தான் தோற்றோம். ஊரில் ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் ஆபீஸ், அரசு அலுவலகம் என்று எங்கே போனாலும் ஒன்று இருக்குமே, அந்த மாதிரி சின்ன, மலிவான, சாகவே சாகாத வகை. இந்த வகை பிரிண்டர்கள் பக்கத்தைத் தாங்களே வரையத் தெரியாதவை. வரையும் வேலை முழுவதையும் கணினியில் இருக்கும் டிரைவர்தான் செய்து கொடுக்க வேண்டும், அதுவும் கம்பெனியின் சொந்த மொழியில். ஆர்ம் டிரைவர் இல்லையென்றால் அது மேசை மேல் இருக்கும் பெட்டிதான்.

"பழைய சிஸ்டத்துல மாட்டி ஷேர் பண்ணிவிட வேண்டியதுதானே தம்பி?" என்று கணக்குப் பார்க்கும் அக்கா கேட்டார். யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை அதுதான். விண்டோஸில் வழக்கமான முறையில் பிரிண்டரை ஷேர் செய்தால், அச்சடிக்கச் சொல்லும் மெஷினிலும் அந்தக் கம்பெனி டிரைவர் ஏற வேண்டும். மறுபடியும் அதே சுவர். கடைசியில் பழைய மெஷினில் ஒரு ஷேர்டு ஃபோல்டர் வைத்தோம். அதில் பிடிஎஃப் வந்து விழுந்தால் தானாக அச்சாகும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட். அக்காவுக்கு 'பிரிண்ட்' அழுத்துவதற்குப் பதில் 'சேவ்'. இரண்டு நாள் முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டது. இது போய் அடுத்து பிரிண்டர் வாங்கும்போது ஐபிபி அல்லது மோப்ரியா என்ற வார்த்தை அதன் விவரக்குறிப்பில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவேன். அந்த வகைக்கு விண்டோஸின் பொது டிரைவரே போதும்.

டிஎஸ்சி, அதாவது டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கதை சுருக்கமானது. நாங்கள் பிரைவேட் லிமிடெட் என்பதால் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். டோக்கனின் இன்ஸ்டாலர் முக்கால்வாசி ஓடி, டிரைவரை எழுதும் இடத்தில் நின்றுவிட்டது. விற்றவரிடம் கேட்டால், "சார், இன்டெல் சிஸ்டத்துல போடுங்க" என்றார். மாதம் ஒருமுறை, கடைசித் தேதிக்கு முந்தின நாள் தொடும் பொருள் இது. இதில் சோதனை முயற்சியெல்லாம் வேண்டாம் என்று முடிவு செய்து, இன்டெல் 8-ஆம் தலைமுறை மெஷின் ஒன்றை விண்டோஸ் 11-க்கு ஏற்றி, டோக்கனையும் லேசர் பிரிண்டரையும் அதிலேயே விட்டுவிட்டோம். கையெழுத்துப் போடும் நாளில் அக்கா அந்த மெஷின் முன்னாலேயே போய் உட்காருகிறார். புதிதாக மாறும் எந்தச் சின்ன ஆபீசுக்கும் நான் சொல்வது இதைத்தான்: ஒரு நல்ல இன்டெல் மெஷினை விற்றுவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சில் அதற்குக் கடைக்காரர் தரும் தொகை ஒரு டோக்கன் பிரச்சினையைத் தீர்க்கக்கூடக் காணாது.

இனி தட்டச்சு. இதை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியிலும் ஒரு வரிக்கு மேல் பார்க்க முடியாது. ஆனால் ஒரு தமிழ் ஆபீசுக்கு இதுதான் உயிர். எங்கள் டைப்செட்டிங் அண்ணன் பழைய டைப்ரைட்டர் லேஅவுட்டில் அடிப்பவர். அதற்காகப் பல வருடங்களுக்கு முன் எழுதப்பட்ட ஒரு விசைப்பலகை மென்பொருளை நம்பியிருப்பவர். அதைப் புது லேப்டாப்பில் நிறுவினேன். நிறுவல் சுத்தமாக முடிந்தது. பக்க வடிவமைப்பு மென்பொருளைத் திறந்து அடித்தார், தமிழ் வந்தது. பிரவுசருக்குப் போய் அடித்தார், ஆங்கிலம் வந்தது. நோட்பேடிலும் ஆங்கிலம். திரும்ப வடிவமைப்பு மென்பொருளுக்கு வந்தால் தமிழ். "என்னப்பா, பேய் புகுந்துருச்சா?" என்றார்.

பேய் இல்லை, அந்த இரண்டாவது எல்லைதான். இந்த மாதிரி உள்ளீட்டு மென்பொருள்கள் பல, நாம் தட்டச்சு செய்யும் புரோகிராமுக்குள்ளேயே தங்கள் டிஎல்எல்லைக் கொண்டுபோய் வைத்து வேலை செய்பவை. வடிவமைப்பு மென்பொருள் பழையது, எமுலேஷனில் ஓடியது, அதனால் பழைய டிஎல்எல் அதற்குள் ஏறியது. பிரவுசரும் நோட்பேடும் ஆர்முக்கென்றே எழுதப்பட்டவை, உள்ளே விடவில்லை. டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கம் போய் 'ஆர்க்கிடெக்சர்' என்ற நெடுவரிசையைச் சேர்த்துப் பார்த்தால் எந்தப் புரோகிராம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். தமிழ் வந்த ஜன்னல்களும் வராத ஜன்னல்களும் அந்த நெடுவரிசையோடு அப்படியே பொருந்தின.

தமிழ்99 தெரிந்தவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, எல்லா ஜன்னலிலும் வரும். ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர்களுக்கும் உள்ளேயே வழி உண்டு. எங்கள் எடிட்டர்கள் எல்லாரும் அதற்கு மாறிவிட்டார்கள். அண்ணனிடம் மட்டும் விரலை மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு நாளில் அவர் அடிக்கும் பக்கங்களைக் கணக்குப் பார்த்தால், அவருக்கு ஓர் இன்டெல் மெஷினே வாங்கிக் கொடுப்பதுதான் பதிப்பகத்துக்கு லாபம். அப்படித்தான் செய்தோம். நீங்கள் பதிப்பகமோ பத்திரிகையோ அச்சகமோ நடத்துகிறீர்கள் என்றால், தட்டச்சு செய்கிறவரை அந்தச் சோதனை லேப்டாப்பில் ஒரு முழு நாள் உட்காரவைத்துப் பாருங்கள். கடையில் ஐந்து நிமிடம் திறந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மேசைகளை ஒருவழியாக முடித்த பிறகு, எங்கள் இணையப் புத்தகக் கடையின் சர்வரையும் ஆர்முக்கு மாற்றினோம். கிளவுடில் அதே அளவு மெஷின் ஆர்மில் விலை குறைவு. இங்கே டிரைவர், டோக்கன் தொல்லை எதுவும் கிடையாது, லினக்ஸ் ஆர்மில் பல வருடங்களாக நன்றாகவே ஓடுகிறது. டாக்கர் இமேஜ்களில் (மென்பொருளை அதற்கு வேண்டியவற்றோடு சேர்த்துக் கட்டிய பொட்டலங்கள்) சில எக்ஸ்86-க்கு மட்டும் கட்டப்பட்டிருந்தன. அவை 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்' என்று கத்திவிட்டு விழுந்தன, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டோம். கத்திவிட்டு விழும் பிழைகளை நான் பிழையாகவே மதிப்பதில்லை, அரை மணி நேர வேலை. பயப்பட வேண்டியது சத்தமே போடாதவற்றுக்கு.

மாற்றிய மறுநாள் வாசகர் ஒருவர் போன் செய்தார். தளத்தில் தமிழில் எதைத் தேடினாலும் ஒன்றும் வரவில்லை என்றார். ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்தால் புத்தகம் வருகிறது. ஆங்கிலத் தலைப்பும் வருகிறது. 'முருகன்' என்று தேடினால் பூஜ்யம். லாக்கில் ஒரு பிழைகூட இல்லை. தளத்தைக் கவனிக்கும் தம்பி தன் மேக்கில் ஓட்டிக் காட்டினார்.

"அண்ணே, என்கிட்ட சரியாத்தான் வருது."

"உன் மேக்கும் ஆர்ம்தானேப்பா?"

"ஆமாண்ணே. அதான் புரியல."

தேடலுக்கான அட்டவணையைக் கட்டுவது, யாரோ எப்போதோ எழுதிவைத்துப் போன ஒரு சின்ன சி புரோகிராம். அது தலைப்பை ஒவ்வொரு பைட்டாகப் படிக்கும். பைட்டின் மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே என்றால் தமிழ் என்று வைத்துக்கொள்ளும். இல்லையென்றால் ஆங்கில எழுத்தா, எண்ணா என்று பார்க்கும். இரண்டும் இல்லையென்றால் நிறுத்தக்குறி என்று தூக்கிப் போட்டுவிடும். யுடிஎஃப்-8-ல் 'அ' என்ற எழுத்து மூன்று பைட்: 224, 174, 133. தமிழ் எழுத்து எல்லாமே 224-ல்தான் தொடங்கும். சி மொழியில் ஒரு பைட்டை வைக்கும் 'கேர்' என்ற வகைக்கு மைனஸ் குறி உண்டா இல்லையா என்பதை மொழியின் தரநிலை முடிவு செய்யவில்லை, ஒவ்வொரு தளத்துக்கும் விட்டுவிட்டது. எக்ஸ்86 லினக்ஸில் உண்டு. அதனால் அந்த மூன்று பைட்டும் அங்கே -32, -82, -123 என்று தெரியும், எல்லாம் பூஜ்யத்துக்குக் கீழே, புரோகிராம் சரியாக ஓடும். ஆர்ம் லினக்ஸில் மைனஸ் கிடையாது. 224 என்பது 224-ஆகவே இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே எதுவும் போகாது. எங்கள் பட்டியலில் இருந்த தமிழ் முழுவதையும் நிறுத்தக்குறி என்று கருதி அந்தப் புரோகிராம் குப்பையில் போட்டிருக்கிறது.

மேக்கில் ஏன் சரியாக வந்தது? ஆப்பிள் தன் ஆர்ம் மெஷின்களிலும் மைனஸை வைத்துக்கொண்டது. விண்டோஸ் கம்பைலரும் அப்படியே. ஒரே ஆர்ம், மூன்று ஆபரேட்டிங் சிஸ்டம், அதில் லினக்ஸ் மட்டும் வேறு. பிராசசர் ஒன்றாக இருந்தால் சோதனையும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. மேக்கில் சோதிக்கிறவர்கள் டாக்கருக்குள் லினக்ஸ் வைத்துச் சோதியுங்கள், அப்படிச் செய்திருந்தால் எங்களுக்கு அங்கேயே மாட்டியிருக்கும்.

அன்றைக்கு முதலுதவியாக, கேரை மைனஸோடு வைத்துக்கொள் என்று ஜிசிசி கம்பைலரிடம் சொல்லும் சுவிட்சைப் போட்டு மறுபடி கம்பைல் செய்தோம், தேடல் திரும்பி வந்தது. பிறகு நிதானமாக, பைட்டை மைனஸ் இல்லாத வகையாகவே அறிவித்து 127-க்கு மேலா என்று கேட்கும்படி திருத்தினோம். ஜிசிசியின் கூடுதல் எச்சரிக்கைகளை ஆன் செய்தால், 'இந்த ஒப்பீடு எப்போதும் பொய்' என்று அதே வரியைக் காட்டுகிறது. பொதுவாக எல்லாரும் போடும் 'ஆல்' சுவிட்சில் அது வருவதில்லை. எந்தப் பழைய சி புரோகிராமையும் ஆர்முக்குக் கொண்டுபோகும்போது அந்தக் கூடுதல் சுவிட்சோடு ஒருமுறை கம்பைல் செய்துவிடுங்கள். அப்புறம் சோதனைத் தரவில் தமிழைப் போடுங்கள். ஆங்கில எழுத்துகள் எல்லாம் 128-க்குள் அடங்கிவிடுவதால், ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர்களுக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது.

இது ஏதோ எங்கள் பழைய புரோகிராமுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில், மூன்றெழுத்துத் துண்டுகளாகப் பிரித்துத் தேடும் நீட்சி ஒன்று இருக்கிறது. அதன் அட்டவணையும் இதே மைனஸ் விவகாரத்தைப் பொறுத்து மெஷினுக்கு மெஷின் மாறக்கூடியது. 2025-ல் வந்த 18-ஆம் பதிப்பில், டேட்டாபேஸ் எந்த வகை மெஷினில் பிறந்தது என்பதையே குறித்துவைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். டேட்டாபேஸ் ஃபைல்களை அப்படியே காப்பியடித்துப் புது பிராசசருக்குக் கொண்டுபோகாதீர்கள். தரவை டம்ப், அதாவது தனி ஏற்றுமதி ஃபைலாக எடுத்து, அங்கே புதிதாக ஏற்றுங்கள். நேரம் கூட ஆகும், ஆனால் ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வரும்.

மெமரிப் பக்க அளவையும் (ஆபரேட்டிங் சிஸ்டம் மெமரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் துண்டின் அளவு) ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். எக்ஸ்86-ல் 4 கேபி என்பது பொதுவழக்கு. ஆர்ம் லினக்ஸில் 4, 16, 64 என்று மூன்றும் உண்டு. ரெட் ஹேட் லினக்ஸ் 8-ன் ஆர்ம் பதிப்பு 64 கேபியில் வந்தது, 9-ல் 4-க்குத் திரும்பினார்கள். 4 கேபி என்று நினைத்துக் கட்டிய சில புரோகிராம்கள் மற்ற அளவுகளில் தொடங்கவே மாட்டா. எங்களுக்கு இதில் ஒன்றும் ஆகவில்லை, 4 கேபி கர்னலாகப் பார்த்து எடுத்துக்கொண்டோம்.

அட்டை வடிவமைக்கும் பெண் மட்டும் மேக்கில் இருக்கிறார். அங்கே மாற்றம் எப்போதோ முடிந்தது, 2020 நவம்பரில் எம்1 வந்தது. பழைய இன்டெல் ஆப்களை ஆப்பிளின் எமுலேட்டரான ரொசெட்டா 2 ஓட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ரொசெட்டா என்றைக்கும் இருக்கும் என்று எண்ணுகிறவர்கள் முந்தைய ரொசெட்டாவை நினைத்துப் பார்க்க வேண்டும். பவர்பிசியிலிருந்து இன்டெலுக்கு மாறியபோது 2006-ல் வந்தது, 2011-ல் லயன் பதிப்போடு எடுத்துவிட்டார்கள். இப்போதும் மேக்ஓஎஸ் 27 வரை முழுதாக வைத்திருப்போம், அதற்குப் பிறகு சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டும் என்று 2025-ல் ஆப்பிளே சொல்லிவிட்டது.

அதனால் அவருடைய மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து, அப்ளிகேஷன்ஸ் பட்டியலை 'கைண்ட்' நெடுவரிசைப்படி அடுக்கிப் பார்த்தோம். 'இன்டெல்' என்று காட்டியவற்றில் பெரும்பாலானவை புதுப்பித்ததும் சரியாகிவிட்டன. வடிவமைப்பு மென்பொருள் 'யுனிவர்சல்' என்றே காட்டியது, ஆனாலும் அதை 'ஓபன் யூசிங் ரொசெட்டா' என்று டிக் போட்டுத்தான் அவர் திறக்கிறார். அதற்குள் ஏறும் ஒரு ப்ளக்-இன் இன்டெலுக்கு மட்டும் எழுதப்பட்டது. அந்த ஒன்றுக்காக முழு மென்பொருளும் ரொசெட்டாவில் ஓட வேண்டியிருக்கிறது. ப்ளக்-இன் எழுதியவருக்கு மெயில் போட்டிருக்கிறோம், பதில் இல்லை. அது செய்யும் வேலையை வேறு எதில் செய்யலாம் என்று அட்டை வடிவமைப்பவர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார். கிடைக்கும் வரை அந்த மேக்கை 27-க்கு மேல் அப்டேட் செய்யப் போவதில்லை.